ஒன்பது பேர் பாடகர் குழு: எந்தப் பாட்டு சரிவரும்?

தக்கலைப் பக்கம் சின்ன சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பாடகர் குழுவில் ஆறு அக்காமார், ரெண்டு பையன்கள், அப்புறம் நான். ஒத்திகை சனிக்கிழமை ஒரு மணி நேரம். அதுவும் மழை பெய்தால் பாதிப்பேர்தான். அறுப்பின் பண்டிகைக்கு (சபையின் அறுவடை விழா) ஆசைப்பட்டு நாலு குரல் பாட்டு எடுத்தேன். டெனருக்கு (ஆண்களின் மேல்குரல்) நான் ஒருத்தன், பேஸுக்கு (ஆண்களின் கீழ்க்குரல்) ஆளே இல்லை. ரெண்டாவது சரணத்திலேயே நின்றுபோனது. கிறிஸ்மஸுக்கு என்ன எடுக்கலாம்?

பதில் 1: பாமாலையே (மேற்கத்திய மெட்டில் பாடும் சபைப் பாட்டு) போதும் அண்ணா. எல்லோரும் ஒரே மெட்டு, கடைசிச் சரணத்துக்கு மட்டும் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்). கீபோர்டில் டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) ரெண்டு இறக்கி வையுங்கள். அச்சடித்த சுருதியிலேயே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பதில் 2: கீர்த்தனையை (நம்மூர் ராக தாளத்தில் உள்ள கிறிஸ்தவப் பாட்டு) மறந்துவிட்டீர்களே மக்கா! பல்லவியை எல்லோரும் பிடிக்கட்டும், சரணத்தை நல்ல குரலுள்ள ஒரு அக்கா. ஆதி தாளத்தில் உள்ளதாக எடுங்கள். எட்டு எண்ணிக்கை, யாரும் வழிதவற மாட்டார்கள். சபையும் கூடவே பாடிவிடும், தப்பும் தெரியாது.

கேட்டவர்: சரி, கீர்த்தனை ஒன்று, பாமாலை ஒன்று. பெரிய பையனுக்குக் குரல் உடைகிறது, அவனை என்ன செய்ய?

பதில் 2: கையில் ஜால்ராவைக் கொடுங்கள்.