அசால்ட்டு: பாராட்டா, திட்டா?

வைகைக்கரையான்:
"வேலைய அசால்ட்டா முடிச்சான்"னு நான் எழுதினதுக்கு, அது தப்பு, அலட்சியம்னு எழுதுங்கன்னு ஒருத்தர் திருத்தம் சொல்றார், ஒத்துக்கவே மாட்டேன். 2011 உலகக்கோப்பை ஃபைனல்ல இலங்கை பௌலர் குலசேகரா போட்ட பந்த தோனி சிக்ஸுக்கு தூக்கிட்டு பேட்டை ஒரு சுழட்டு சுழட்டினாரே, முகத்துல ஒரு சலனம் கிடையாது, அதுதாங்க அசால்ட்டு. அத போய் அலட்சியம்பீங்களா?

செம்மொழிப்பித்தன்:
திருத்தினது நான்தான். ஏன் சொல்லக்கூடாது? "மூட்டைய அலட்சியமா தூக்கிட்டான்"னு மெச்சித்தானே சொல்றோம். அஸால்ட்னா இங்கிலீஷ்ல தாக்குதல், இங்க அதுக்கு சம்பந்தமே இல்லாத அர்த்தம். நல்ல வார்த்தை இருக்கறப்ப இது எதுக்கு?

வைகைக்கரையான்:
எங்கிருந்து வந்தா என்ன சார், எப்படி புழங்குதுன்னு பாருங்க. "அசால்ட்டா செஞ்சான்"னா பாராட்டு, "அசால்ட்டா இருக்காத, பரீட்சை வருது"ன்னா திட்டு, கூட வர்ற வினைதான் முடிவு பண்ணுது. "அதிகாரிகளின் அலட்சியம்"னு பேப்பர்ல படிச்சு படிச்சு உங்க வார்த்தைக்கு கெட்ட பேர் ஒட்டிக்கிச்சு, இனி அத வெச்சு ஒருத்தர பாராட்டினா சண்டைக்கு வருவாங்க.

வயரிங்காரன்:
ரெண்டு பேரும் சொல்றது எனக்கு உறுத்துது. மெயின ஆஃப் பண்ணாம, டெஸ்டர் கூட வைக்காம ஜங்ஷன் பாக்ஸ்ல கைய விடுறவன "அண்ணன் அசால்ட்டா பாப்பார்"னு வேலை கத்துக்க வர்ற பசங்க வாய பொளந்து பாக்கறானுங்க. ஷாக் அடிச்சா அதே ஆளு "அசால்ட்டா இருந்துட்டான்". செஞ்ச காரியம் ஒண்ணுதானே? வள்ளுவர் பொச்சாவாமைன்னு, அதாவது பொச்சாப்புங்கற மறதி இல்லாம இருக்கறதுன்னு, தனி அதிகாரமே வெச்சு, சந்தோஷ மெதப்புல வர்ற மறதி எல்லை மீறின கோபத்த விட கெட்டதுன்னு முதல் குறள்லயே சொல்லிட்டார்.

செம்மொழிப்பித்தன்:
பொச்சாப்பு! எவ்ளோ அருமையான சொல்லு, இத புழக்கத்துக்கு கொண்டு வரணும்.

வைகைக்கரையான்:
வயரிங் அண்ணே, நீங்க சொல்றது மெத்தனம். பரோட்டா மாஸ்டர் யார்கூடயோ பேசிக்கிட்டேதான் மாவ வீசுறார், ஆனா கிழியப் போற எடத்துல விரல் தானா நிக்குது. அவர் கவனம் கையில இருக்கு. மெயின ஆஃப் பண்ணாதவன்கிட்ட அது எங்க?

வயரிங்காரன்:
கைக்குத் தெரியும்னு நம்பித்தான் தம்பி அவனும் கைய விடுறான். மாவு கிழிஞ்சா வேற உருண்டை எடுத்துக்கலாம். உங்க தோனிக்கு என்ன வேணா சொல்லுங்க, வேலை கத்துக்கற பசங்க காதுல மட்டும் இந்த வார்த்தைய பாராட்டா போடாதீங்க.