மேல் முன்பல் இம்பிளான்ட்: அண்ணத்தில் மரத்துப்போயிருக்கிறது, நரம்பில் பட்டுவிட்டதா?

கேட்டவர்:
மேல்வரிசை நடுப்பல் ஒன்றுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்து 12 நாள் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, தையலும் பிரித்தாயிற்று. ஆனால் முன்பல்லுக்குப் பின்னால் நாக்கால் தடவினால், சட்டைப் பொத்தான் அளவு இடம் மட்டும் காகித அட்டையைத் தொடுகிற மாதிரி உணர்ச்சியில்லாமல் இருக்கிறது. வலி இல்லை. உதடு, மூக்கு எல்லாம் சரி. நரம்புப் பிரச்சினை கீழ்த்தாடையில்தான் வரும் என்றார்களே? இதைக் கழற்ற வேண்டி வருமா?

பதில் 1:
பல் மருத்துவம்தான் என் தொழில். உங்கள் ஸ்கேனைப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வையுங்கள்.

கீழே உதடு மரத்துப்போகும் ஆபத்து பெரிது, உண்மை. அதற்காக மேலே நரம்பே இல்லை என்று ஆகாது. நடுப்பற்களுக்குப் பின்னால் ஒரு சின்னச் சதை மேடு தட்டுப்படும். அதன் அடியில் மூக்குத் தளத்திலிருந்து இறங்கும் எலும்புக் குழாய் திறக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் அது வழியாகத்தான் வந்து, நீங்கள் சொல்லும் அதே பொத்தான் இடத்துக்கு உணர்ச்சி தருகின்றன. பல் போனபின் எலும்பு கரைவதால் குழாய்க்கும் இம்பிளான்டுக்கும் இடைவெளி குறைந்துவிடும். ஈறைப் பின்பக்கம் விலக்கியபோது நரம்பு இழுபட்டிருந்தாலும் இப்படி ஆகும். அண்ணத்தின் பின்பகுதி நரம்பும் அங்கே கொஞ்சம் கைகொடுப்பதால், வலியில்லாத மரப்பு பெரும்பாலும் மெல்லக் குறையும்.

உணர்ச்சியை விட எனக்குக் கவலை வேறு. இம்பிளான்ட் குழாய்க்குள் நுழைந்திருந்தால் அந்தப் பக்கம் எலும்பு பிடிக்காமல் சதை சுற்றிக்கொள்ளும், பிறகு ஆட ஆரம்பிக்கும். சிபிசிடி (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) ஸ்கேனில் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது.

பதில் 2:
எனக்குக் கோரைப்பல் இடத்தில் வைத்தார்கள். மரப்பெல்லாம் இல்லை, எரிச்சல். மூக்கோரம் மின்சாரம் பாய்கிற மாதிரி, நாளுக்கு நாள் கூடியது. "ஆறிக்கொண்டிருக்கிறது" என்றே ஐந்து வாரம் ஓடியது. வேறொரு டாக்டர் ஸ்கேனில் மெல்லிய நரம்புக்கால்வாய் ஒன்றைக் காட்டினார், இம்பிளான்ட் நுனி அதில் உட்கார்ந்திருந்தது. எடுத்தபின் குறைந்தது, முழுசாகப் போக மாதங்கள் ஆயின.

பதில் 1:
வித்தியாசம் அதுதான். எரிச்சல், சுருக்சுருக்கென்ற வலி, கூடிக்கொண்டே போவது என்றால் காத்திருக்கக் கூடாது, எடுப்பதை முதல் சில நாட்களிலேயே முடிவு செய்வது நல்லது. வெறும் மரப்பு என்றால் வாரம் ஒருமுறை பஞ்சு முனையால் தொட்டு, எல்லையை எழுதி வையுங்கள்.

கேட்டவர்:
இம்பிளான்ட் நிலைக்குமா?

பதில் 1:
பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்தாண்டு தாண்டியும் நிற்கின்றன. முன்பக்கம் சிக்கல் அழகில்தான்: உதட்டுப்பக்க எலும்பு பலருக்கு 1 மி.மீ.கூட இருக்காது, அது கரைந்தால் ஈறு மேலேறிப் பல் நீளமாகத் தெரியும். புகைக்கிறீர்களா?

கேட்டவர்:
விட்டுவிட்டேன்... 12 நாளாக. ஸ்கேன் பார்த்தேன். குழாய்க்கும் இதற்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறது, எலும்பு என்றார் டாக்டர். பொத்தான் இன்று மிளகளவு.