இயன்முறை சிகிச்சை தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி (தண்டையார்பேட்டை):
வணக்கம். என் தாயாருக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு. முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியுள்ள அவருக்குத் திங்கட்கிழமை பிசியோதெரபி தொடங்குகிறது. வலித்தால் நிறுத்திவிடுவேன் என்று இப்போதே சொல்கிறார். நாங்கள் எதற்குத் தயாராக வேண்டும்?

பதில் (ராயபுரம், இயன்முறை மருத்துவர்):
சகோதரி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொண்டாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மடக்கி நீட்டும்போது ஓரளவு வலிப்பது இயல்பே. அதற்கு அஞ்சிக் காலை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, பயிற்சியை நிறுத்தி, அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். மையத்தில் செய்வதைவிட, வீட்டில் அன்றாடம் செய்யும் பயிற்சியே காலைத் தேற்றும்.

பதில் (வியாசர்பாடி):
சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். என் தந்தைக்கு ஒரு மையத்தில் அதைக் கேட்காமலேயே வெந்நீர்ப் பை வைத்தார்கள். அவருக்குச் சூடு தெரியவில்லை; மாலையில் காலுறையைக் கழற்றியபோதுதான் குதிகாலில் எலுமிச்சை அளவுக் கொப்புளத்தைப் பார்த்தோம். அது ஆறும்வரை அவரால் நடைப்பயிற்சி செய்ய முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பதில் (பெரம்பூர்):
படியிறங்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.