நாயின் காதுமடல் வீக்கம்: ‘இரத்தக்கட்டி’யா, ‘குருதிக்கோவை’யா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். குழாயை விட்டு வெளியேறிய இரத்தம் ஓரிடத்தில் சேர்ந்து வீங்குவதை ஆங்கிலத்தில் ‘ஹெமடோமா’ (hematoma) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஹெமடோமாவுக்கு ‘இரத்தக்கட்டி’ போதும். மக்களுக்கு எளிதில் புரியும்.

எளிதில் புரியும். ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் அச்சம்.

சென்ற மாதம் காரைக்குடியில், எங்கள் ஆச்சி வீட்டு நாயின் ஒரு காதுமடல் குழிப்பணியாரம் போல உப்பிவிட்டது. “கட்டி கிளம்பியிருக்கிறது, பழுத்தால் தானே உடையும்” என்று ஆச்சி மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டு, நான்கு நாள் காத்திருந்தார்கள். கட்டி என்றால் நம் வீடுகளில் அதைத்தான் செய்வோம். ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் தொட்டுப் பார்த்தபோது மடல் வெதுவெதுப்பாக, நீர் நிறைந்த பை போலத் தளும்பியது. மடலின் தோலுக்கும் உள்ளே இருக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே நுண்ணிய இரத்தக்குழாய்கள் அறுந்து, இரத்தம் கோத்துக்கொள்வதுதான் இந்த நோய். காதுக்குள் கிருமித்தொற்றோ, காதுப்பூச்சியோ, ஒவ்வாமையோ அரிப்பைக் கிளப்புகிறது. நாய் தலையை உதறி உதறி, காலால் பிறாண்டி, மடலைத் தானே புண்படுத்திக்கொள்கிறது. காதுக்குள் இருக்கும் காரணத்தைப் பார்க்காவிட்டால் வீக்கம் திரும்பி வரும். ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும் அந்த இடைவெளி மறுபடி நிரம்புவது வழக்கம். அதனால்தான் மருத்துவர்கள் பல நேரங்களில் கீறி வடித்து, தோல் குருத்தெலும்போடு ஒட்டும்படி தையல் போடுகிறார்கள். அப்படியே விட்டால் மடல் சுருங்கி வற்றல் போலாகிவிடலாம்.

ஹெமடோமாவின் கடைசியில் வரும் ‘ஓமா’ என்ற கிரேக்க ஈறு புற்றுக்கட்டிகளின் பெயரிலும் வருகிறது. அதைப் பார்த்துத்தான் ‘கட்டி’யைப் பிடித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். இன்னொரு நண்பர் முன்வைத்த ‘குருதித்தேக்கம்’ பரவாயில்லை. ஆனால் குழாய்க்குள்ளேயே ஓட்டம் மந்தப்பட்டு நிற்பதையும் அது குறித்துவிடும். இங்கே இரத்தம் குழாயை விட்டே வெளியேறிவிட்டது.

நம்மிடம் ‘நீர்க்கோவை’ இருக்கிறதே! தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று அன்றாடம் சொல்கிறோம். அதே அச்சில் ‘குருதிக்கோவை’. காதுக்கு ‘செவிமடல் குருதிக்கோவை’. வினையாகவும் தயங்காமல் வரும்: “மடலில் இரத்தம் கோத்திருக்கிறது.” இப்படிச் சொன்னதும் ஆச்சி, “அப்படியானால் பத்துக்குக் கரையாதே, டாக்டரிடம் போகலாமா?” என்றார்கள். ‘கட்டி’ இருந்தவரை அந்தக் கேள்வி எழவே இல்லை. கோவை என்றால் ஊரும் கொடியும் நினைவுக்கு வருமே என்று தடை சொல்லலாம். நீர்க்கோவையில் யாருக்கும் அந்தக் குழப்பம் வந்ததில்லை.

சொல்லுக்குக் கீழே விளக்கமும் வேண்டும். வீக்கம் கண்டால் ஓரிரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் குத்தி வடிக்கவே கூடாது. நமக்கான வலி மாத்திரையையும் கொடுக்கக் கூடாது, பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம். தலை ஒருபக்கம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஈறு வெளுத்தாலோ, வேறு இடத்திலும் இரத்தம் கசிந்தாலோ அன்றே போக வேண்டும். உண்ணிக் காய்ச்சலில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தும் இரத்தம் கசியும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

ஆச்சி வீட்டு நாய்க்குத் தையல் பிரித்தாயிற்று; காதுச் சொட்டுமருந்து தொடர்கிறது. தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை மகிழ்ச்சியோடு விட்டுவிடுகிறேன்.