பாக்ஸிங் கையில இருக்கு, எட்டு மாசம் இருக்கு: எம்எம்ஏ (அடி, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) போட்டிக்கு அடுத்து எதைக் கத்துக்கிறது?

தண்டையார்பேட்டை_ஜாப்:
ரெண்டு வருஷ பாக்ஸிங். எடை 68 கிலோ, இறங்கப் போறது 65.8 கிலோ பிரிவு, அமெச்சூர். கையில எட்டு மாசம். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். கூட்டினா ஏறக்குறைய 300 மணி நேரம் வருது. இதை மல்யுத்தத்துக்குக் கொடுக்கிறதா, ஜியு ஜிட்சுவுக்கா (தரையில பிடி போடற கலை), முவே தாய்க்கா (உதை, முட்டி, முழங்கை எல்லாம் உள்ள தாய்லாந்து சண்டை)? "எல்லாத்துலயும் கொஞ்சம்"னு சொல்லாம, எதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்கண்ணே.

ராயபுரம்_கார்னர்:
பாதியை பாக்ஸிங்லயே வை தம்பி. 150 மணி நேரம். ஒவ்வொரு ரவுண்டும் நின்ன நிலையிலதான் ஆரம்பிக்குது. நடுவர் முதல்ல பார்க்கிறது யாரோட அடியும் பிடியும் அதிக பாதிப்பைக் கொடுத்ததுன்னு. அது சமமா இருந்தாத்தான் முன்னேறிப் போனது யாரு, நடு இடத்தைப் பிடிச்சது யாருன்னு கணக்குக்கு வரும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைங்க மோதின காலத்துல இருந்து வடசென்னையில கை வேலை சொல்லிக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்ல. வீட்டுப் பக்கத்துல கிடைக்கிற நல்ல வாத்தியாரை விட்டுட்டு, இன்னும் கத்துக்காத ஒண்ணுல மொத்த நேரத்தையும் கொட்டாதே.

ஆனா அதே பாக்ஸிங்கை அப்படியே கேஜுக்குள்ள (வலைக் கூண்டுக்குள்ள) கொண்டு போகக் கூடாது. 16 அவுன்ஸ் கிளவுஸை முகத்துல ஒட்டி வெச்சா அதுவே ஒரு சுவர். எம்எம்ஏ கிளவுஸ் தொழில்முறையில 4 அவுன்ஸ், விரல் வெளியே தெரியும்; அதை முகத்துல வெச்சு மூடினா நடுவுல குத்து புகுந்துடும். அதனால கையை முகத்துல ஒட்டாம கொஞ்சம் முன்னால நீட்டி, எதிராளி கையைத் தட்டி, முன்னங்கையால தடுக்கப் பழகு. இடுப்புக்குக் கீழே குனிஞ்சு தப்பிக்கிற டக்கிங்கை மறந்துடு. தலைக்கு முட்டி விடற போட்டின்னா அங்க முட்டி காத்திருக்கும், இல்லேன்னா கழுத்தைப் பிடிப்பாங்க.

வண்ணை_மல்லு:
அண்ணன் சொல்ற கை வேலையில எனக்குக் கருத்து வேறுபாடு இல்ல. 150 மணி நேரக் கணக்குலதான் இருக்கு. 2010 ஆகஸ்ட், அமெரிக்க எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சியோட 118-வது நிகழ்ச்சி. ஜேம்ஸ் டோனி, பல எடைப் பிரிவுல உலக பாக்ஸிங் சாம்பியன். எதிர்ல ரேண்டி கூட்டூர், கிரேக்க-ரோமன் மல்யுத்தத்துல இருந்து வந்தவர். தொடக்கத்துலயே காலைப் பிடிச்சுக் கீழே போட்டார். முதல் ரவுண்ட் முடியறதுக்குள்ள ஆர்ம் ட்ரையாங்கிள்ல (கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கிற பிடி) டோனி டேப் பண்ணிட்டார் (கையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கிட்டார்). டோனியோட கை எவ்வளவு பெரிய கைன்னு அண்ணனுக்கே தெரியும். அந்தக் கையை வீச அவருக்கு இடமே கிடைக்கல. சண்டை எங்க நடக்கணும்னு முடிவு பண்றவன் மல்யுத்தக்காரன். தம்பியோட பாக்ஸிங்கைக் காப்பாத்தறதும் மல்யுத்தம்தான். 120 மணி நேரம் அதுக்கு.

கத்துக்க வேண்டியது ரொம்ப இல்ல: டபுள் லெக் (ரெண்டு காலையும் பிடிச்சு வீழ்த்தறது), சிங்கிள் லெக் (ஒரு காலைப் பிடிச்சு வீழ்த்தறது), ஸ்ப்ரால் (காலைப் பின்னால வீசி, பாய்ஞ்சு வர்றவர் மேல சாஞ்சு தடுக்கறது), அண்டர்ஹூக் (எதிராளி அக்குளுக்குள்ள கையை விட்டுப் பிடிக்கறது), கேஜ் ஓரம். டபுள் லெக்கை உடைச்சு சொல்றேன், தப்பு நடக்கறது இங்கதான். கை தொடற தூரத்துல இருந்துதான் ஷாட் (காலைப் பிடிக்கப் பாயறது) போகணும். பாக்ஸர்கள் ரெண்டு அடி தள்ளி இருந்து பாய்வாங்க, எதிராளிக்குக் காலைப் பின்னால போட நேரம் கிடைச்சிடும். முதுகை வளைக்காம முட்டியை மடக்கி இறங்கணும். முன்கால் எதிராளியோட ரெண்டு காலுக்கும் நடுவுல போகுது, முட்டி மேட்டைத் (பயிற்சி விரிப்பை) தொட்டதும் பின்கால் வெளிப்பக்கமா எழும்பி நிக்குது. தலை விலாவோட ஒட்டி, கண்ணு மேல பார்க்கணும். தலை தொங்கினா கழுத்து கில்லட்டின்ல (முன்னால இருந்து கையால கழுத்தைச் சுத்தி நெரிக்கிற பிடி) போய் உட்காரும். சிங்கிள்னா தலை உள்பக்கம், நெஞ்சோட ஒட்டி.

கேஜ்ல சாஞ்சவரைத் தள்ளிக்கிட்டே இருந்தா விழ மாட்டார், வலை தாங்கிக்கும். ரெண்டு கையையும் அவர் தொடைக்குப் பின்னால, முட்டிக்கு மேல கோர்த்து, இடுப்பை வலையில இருந்து பிரிச்சு உன் பக்கம் இழுத்து, பக்கவாட்டுல திருப்பணும். மேட்டு மேல மட்டும் பழகின மல்யுத்தக்காரங்களுக்கே இது புதுசு.

பெரம்பூர்_மேட்:
மல்லு அண்ணா, ஒரு பெரிய விஷயத்தை விட்டுட்டீங்க. மல்யுத்தத்துல ரெண்டு தோளும் மேட்ல அழுந்தினா தோல்வி. அதனால கீழே விழுந்ததும் குப்புறத் திரும்பறது உடம்புல ஊறிடும். எம்எம்ஏல குப்புறத் திரும்பினா முதுகைக் கொடுத்தாச்சு, பின்னால இருந்து கையால கழுத்தை நெரிக்கிற ரியர் நேக்கட் சோக் அங்கதான் வருது. அது மூச்சுக்குழாயை அடைக்கிற பிடி இல்ல. கழுத்தோட ரெண்டு பக்க ரத்தக் குழாயையும் அழுத்தறது. சரியா விழுந்தா பத்து விநாடிக்குள்ள மயக்கம். தாடையை இறக்கி வெச்சா போதும்னு பலர் நம்பறாங்க, போதாது. சுத்தி வர்ற கையை உங்க ரெண்டு கையாலயும் பிடிச்சு இறக்கி, முதுகை மேட்ல அழுத்தித் திரும்பணும்.

உதாரணத்துக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். ரீத்து போகாட், காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கினவங்க. 2021 டிசம்பர்ல, ஒன் சாம்பியன்ஷிப்ங்கிற ஆசிய எம்எம்ஏ நிறுவனத்தோட ஆட்டம்வெயிட் கிராண்ட் பிரி இறுதிப் போட்டி. எதிர்ல ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், முவே தாய்ல வளர்ந்தவங்க. ரெண்டாவது ரவுண்ட்ல ஆர்ம்பார்ல (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கிற பிடி) முடிச்சது ஸ்டாம்ப். நின்னு அடிக்கிறதுல பேர் வாங்கினவங்க தரையிலதான் ஜெயிச்சாங்க. கீழே போடத் தெரிஞ்சா பாதி வேலைதான். போட்ட பிறகு தன் கையும் கழுத்தும் எங்க இருக்குன்னு தெரியணும்.

அதனால முதல் மூணு மாசம் ஜியு ஜிட்சுவுக்கு 60 மணி நேரம், கி (கெட்டியான பயிற்சி உடை) போடாம. கி காலரையும் கையையும் பிடிச்சுப் பழகின பிடி எதுவும், நம்ம ஊர் வியர்வையில வழுக்கற உடம்புல நிக்காது. அந்த 60ல பாதிக்கு மேல தப்பிக்கிறது: மவுண்ட்ல (எதிராளி நம்ம மேல ஏறி உட்கார்ந்த நிலை) இருந்து முட்டியை முழங்கைக்குள்ள நுழைச்சு வெளியே வர்றது, சைடு கன்ட்ரோல்ல (அவர் பக்கவாட்டுல இருந்து அமுக்கற நிலை) முன்னங்கையை எதிராளி கழுத்துக்குக் கொடுத்து இடம் பண்றது, முதுகைக் காப்பாத்தறது, வலையில முதுகைச் சாய்ச்சு எழுந்து நிக்கிறது. பிடிக்கிறதுக்கு ரெண்டே ரெண்டு: ரியர் நேக்கட், கில்லட்டின். கார்டுல (மல்லாந்து, காலால எதிராளியைத் தடுக்கற நிலை) படுத்துக்கிட்டு ஸ்வீப் (ஆளைப் புரட்டி மேல வர்றது) தேடற பழக்கம் வேண்டாம், மேல இருக்கறவர் குத்திக்கிட்டே இருப்பார், புள்ளி அவருக்குத்தான்.

எர்ணாவூர்_ரைடர்:
கபடியை யாரும் பேசல. இந்தப் பக்கம் பசங்க பாதிப் பேருக்கு ஆங்கிள் ஹோல்டும் (கணுக்கால் பிடி) தை ஹோல்டும் (தொடைப் பிடி) சின்ன வயசுலயே கை வந்திருக்கு. மல்யுத்தத்துல லோ சிங்கிள்னு (ஒரு காலைக் கணுக்கால் பக்கம் பிடிக்கறது) ஒண்ணு இருக்கே, அது ஆங்கிள் ஹோல்டுக்கு எவ்வளவு தூரம்?

வண்ணை_மல்லு:
கிட்டத்தான் இருக்கு, அதுவே ஆபத்தும். கணுக்காலைக் குறி பார்த்து இறங்கற வேகம், இடுப்பை இறக்கற தைரியம், தொடையைக் கட்டிப் பிடிச்சதும் விடாத கை, மூணும் அப்படியே வரும். ஆனா கபடியில பிடிச்ச அடுத்த நொடி நாலு பேர் வந்து மூடுவாங்க, விசில் அடிச்சா முடிஞ்சது. இங்க நீ தனி ஆள். பிடிச்ச பிறகு எழுந்து, காலைத் தூக்கி, விழ வெச்சு, மேல ஏறி நிலைக்கணும். கபடி ஆளுங்க கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டே குப்புறப் படுத்திருப்பாங்க. அந்த நேரத்துல மேல இருந்து காதோரம் குத்து விழும். பிடியில இருந்து எழுந்து நிக்கறதை மட்டும் தனியா நாளுக்கு 20 தடவை செய்யணும்.

கொருக்குப்பேட்டை_லோகிக்:
நீங்க எல்லாரும் பாக்ஸர் நிக்கிற நிலையையே விட்டுட்டீங்க. பாக்ஸிங்ல முன்பாதம் உள்ளே திரும்பி இருக்கும், எடை முன்கால் மேல. அது காஃப் கிக்குக்கு (கெண்டைக்கால்ல விழற உதைக்கு) தானா நீட்டின கால். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடற நரம்புதான் பாதத்தைத் தூக்குது. அங்க மூணு உதை சுத்தமா விழுந்தா பாதம் தொங்கிடும், நடை போயிடும், அப்புறம் ஜாப் (முன்கைக் குத்து) எங்க இருந்து வரும்? முன்பாதத்தை எதிராளி பக்கம் நேராத் திருப்பு, எடையைப் பாதிக்குப் பாதியா வை. உதை வர்றப்போ குதிகாலைத் தூக்கி முட்டியை வெளியே திருப்பினா, உன் காலோட தசைக்குப் பதிலா முட்டிக்குக் கீழே இருக்கற முன் எலும்பு உதையை வாங்கும். எலும்பை உறுதிப்படுத்தறேன்னு கட்டையாலயும் பாட்டிலாலயும் உருட்ட வேண்டாம். கனமான பேக்ல, முதல் மாசம் மெதுவா, ஒரு காலுக்கு 50 உதை போதும்.

இருந்தாலும் முவே தாய்க்கு அதிக நேரம் கொடுன்னு நான் சொல்ல மாட்டேன். சர்வதேச அமெச்சூர் கூட்டமைப்பான இம்மாஃப் விதியில ரவுண்டுக்கு மூணு நிமிஷம், மூணு ரவுண்ட், முழங்கையடி கிடையாது, தலைக்கு முட்டி கிடையாது. முவே தாயோட பெரிய ஆயுதங்களே ரெண்டும் போச்சு. 40 மணி நேரம்: லோ கிக் (காலுக்கு உதை), டீப் (பாதத்தால தள்ளற உதை), செக் (உதையைக் காலால தடுக்கறது), கிளிஞ்ச்ல (நின்னபடி கட்டிப் பிடிச்ச நிலையில) உடம்புக்கு முட்டி. நீ இறங்கற போட்டியோட விதித்தாளை முதல்ல வாங்கிப் படி, போட்டிக்குப் போட்டி மாறும்.

திருவொற்றியூர்_கம்பு:
சிலம்பமும் கராத்தேவும் ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. லியோட்டோ மச்சிடா கராத்தே தூரத்தை வெச்சுத்தான் 2009ல யுஎஃப்சி லைட் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார்.

ராயபுரம்_கார்னர்:
சரிதான், ஆனா அவரே ஜியு ஜிட்சுவும் சேர்த்துக் கத்துக்கிட்டவர். சிலம்பத்துல வர்ற கால் வரிசையும் தூரக் கணிப்பும் உள்ள ஆளுக்குப் பலம்தான். இல்லாத ஆளு எட்டு மாசத்துல போய் ஆரம்பிக்க வேண்டாம்.

லோகிக் சொன்ன கால் நிலையை ஒத்துக்கறேன். ஆனா இதுல ஒண்ணு கவனிங்க: எடையைப் பின்னால தள்ளினா கிராஸ்ல (பின்கைக் குத்துல) பலம் குறையுது, பாதத்தை நேராத் திருப்பினா இடுப்பு பாதி திறந்து ஷாட்டுக்கு வழி கிடைக்குது. ஒண்ணைக் காப்பாத்தினா இன்னொண்ணு இழக்கணும். அந்த விலையை உடம்புல ஏத்தறதுக்குத்தான் பாக்ஸிங்குக்கு அதிக மணி நேரம் கேட்கறேன். புது நிலையில ஜாப்-கிராஸ் போட்டுட்டு உடனே ஸ்ப்ரால் பண்ற மாதிரி, மூணு நிமிஷ ரவுண்ட், அஞ்சு ரவுண்ட், வாத்தியார் கையில பிடிக்கிற பேட்லயே கத்துக்கணும். இதைத் தனித்தனிக் கிளாஸ் எதுவும் கொடுக்காது.

பெரம்பூர்_மேட்:
இந்தக் கடைசி வரியில அண்ணன் சொன்னதை மட்டும் நான் முழுசா எடுத்துக்கறேன். மல்யுத்தக் கிளாஸ்ல குத்து கிடையாது, பாக்ஸிங்ல ஷாட் கிடையாது. தனித்தனியா கத்து போட்டி மாசத்துல சேர்த்துக்கலாம்னு நினைக்கறவங்கதான் முதல் ரவுண்ட்லயே தடுமாறறாங்க.

தண்டையார்பேட்டை_ஜாப்:
மேட் இல்லாத நாள்ல கடற்கரை மணல்ல டேக்டவுன் பழகலாமா?

வண்ணை_மல்லு:
ஓடு, ஆளைத் தூக்கிக்கிட்டு நட, ஸ்ப்ரால் போடு, எல்லாம் சரி. ஷாட் வேண்டாம். மணல்ல முட்டி சறுக்காம புதையும். உடம்பு அதுக்கு ஏத்த மாதிரி மேல எகிறிப் பாயக் கத்துக்கும், மேட்டுக்கு வந்தா அதே எகிறல்தான் கில்லட்டினுக்குக் கழுத்தைக் கொடுக்கும். தோல் வேற உரியும்.

பெரம்பூர்_மேட்:
உரிஞ்ச தோலோட மேட்டுக்கு வராதீங்க. கடல் காத்தோட ஈரத்துல படர்தாமரை ரொம்ப வேகமாப் பரவுது. வட்டமா சிவந்து ஓரம் தடிச்சா, மெடிக்கல்ல ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் பூசாதீங்க. அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்ற வரைக்கும் மேட் வேண்டாம். மேட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணியில சுமார் 15 மில்லி பிளீச், அன்னைக்கே கலக்கணும், முதல்ல அழுக்கைத் துடைச்சுட்டு பத்து நிமிஷம் ஈரமா விடணும். புதுசா சேரப் போற இடத்துல எத்தனை மெடல்னு கேக்கறதுக்கு முன்னாடி, மேட்டை எப்ப துடைக்கறாங்கன்னு கேளுங்க.

தண்டையார்பேட்டை_ஜாப்:
அப்போ வாரக் கணக்கு எப்படிப் பிரிக்கிறது? நாலு பேரும் நாலு எண் சொல்றீங்க.

வண்ணை_மல்லு:
முதல் மூணு மாசம்: மல்யுத்தம் ரெண்டு நாள், கி இல்லாத ஜியு ஜிட்சு ரெண்டு நாள், புது நிலையில பாக்ஸிங்கும் உதையும் ரெண்டு நாள். நாலாவது மாசத்துல இருந்து மல்யுத்தம் ரெண்டு, ஜியு ஒண்ணு, கை-கால் ஒண்ணு, வலை ஓரமும் தரையில குத்தறதும் ஒண்ணு, ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஒண்ணு. முழு வேக ஸ்பாரிங் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம். மத்த வாரம் உடம்புக்கு மட்டும், இல்லேன்னா தரை மட்டும். தலையில வாங்கறதால திறமை கூடாது. 68ல இருந்து 65.8க்கு இறங்கறது ரெண்டு கிலோ சொச்சம்தான், அதைச் சாப்பாட்டுல ரெண்டு மாசத்துல இறக்கு. நம்ம வெயில்ல தண்ணியை நிறுத்தி வியர்க்கற வேலை வேண்டாம்.

ராயபுரம்_கார்னர்:
முதல் மூணு மாசத்துல கைக்கு ரெண்டு நாள் குறைச்சல்தான், அதுல என் கருத்து மாறல. ஆனா எண்ணுக்காக அடிச்சுக்க வேண்டாம். மூணாவது மாசக் கடைசியில அதே எடைக்காரர் ரெண்டு பேரை வெச்சுச் சோதனை போடுங்க. மவுண்ட்ல கீழே படுத்து ஆரம்பிச்சு, ஒரு நிமிஷத்துல வெளியே வர பத்து வாய்ப்பு. நின்ன நிலையில எதிராளி பத்து ஷாட் போட, எத்தனையை நீ தடுக்கறேன்னு எண்ணணும். வலையோரம் அவரைக் கீழே போட பத்து முயற்சி. லோ கிக் பத்து வரட்டும், எத்தனை செக் ஆகுதுன்னு பாரு. எந்த எண் அஞ்சுக்குக் கீழே இருக்கோ, நாலாவது மாசத்துல ஒரு நாளை அங்க மாத்து. என் பாக்ஸிங் நாளா இருந்தாலும் எடுத்துக்கோ.

தண்டையார்பேட்டை_ஜாப்:
சரிண்ணே. சோதனை முடிஞ்சதும் நாலு எண்ணையும் இங்கயே போடறேன்.