6 டீம் ஏல டோர்னமென்ட்: பர்ஸ், ரன் ரேட், மழை விதியை எப்படி எழுதறது?

பாலக்கோடு_ஓப்பனர்:
வணக்கம்ண்ணா. மாங்கா சீசன் முடிஞ்சதும் ஆகஸ்ட் கடைசியில பாலக்கோடு, மாரண்டஹள்ளி, காரிமங்கலம், ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம், பென்னாகரம்னு 6 டீம் வெச்சு ஐபிஎல் மாதிரி ஏலம் விட்டு நடத்தப் போறோம். ஹெவி டென்னிஸ் பந்து, 10 ஓவர், ஒரே கிரவுண்டு, சனி ஞாயிறு மட்டும். டீமுக்கு 15 பேர். ஏலம் பாயின்ட்லதான், காசு கிடையாது. ஏலத்துல பர்ஸ், அதாவது டீமுக்குக் கொடுக்கற மொத்த பாயின்ட், பாதியில காலியாகாம இருக்க என்ன விதி? நெட் ரன் ரேட் எப்படிப் போடணும்? சாயங்கால மழைக்கு என்ன எழுதணும்? எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி ஓனருங்ககிட்ட முன்னாடியே கையெழுத்து வாங்கிடலாம்னு இருக்கோம்.

ஏலமேடை_கிருஷ்ணகிரி:
தம்பி, பர்ஸ் 10,000 பாயின்ட், அடிப்படை விலை 200னு வெச்சுக்கோ. டீமுக்கு ஒரு ஐகான் பிளேயர், அதாவது ஏலத்துக்கு முன்னாடியே டீமுக்குக் கொடுத்துடற பெரிய ஆள், அவருக்கு 1,500 கழிச்சிடு. ஐகானை இலவசமா விட்டா நல்ல ஐகான் கிடைச்ச டீம் ஏலத்துக்கு முன்னாடியே ஜெயிச்ச மாதிரி. ஐபிஎல்லயும் தக்கவெக்கிற ஆளுக்கு பர்ஸ்ல இருந்து கழிக்கத்தான் செய்றாங்க.

மீதி 8,500ல 14 பேர் வாங்கணும். இங்கதான் முக்கியமான விதி வருது. ஒரு ஓனர் அந்த நேரத்துல அதிகபட்சம் எவ்வளவு கேக்கலாம்? கையில இருக்கிற பாயின்ட்ல இருந்து, இன்னும் வாங்க வேண்டிய ஆள்ல ஒண்ணைக் குறைச்சு 200ஆல பெருக்கிக் கழிக்கணும். 3,400 இருக்கு, 8 பேர் வாங்கணும்னா 7 × 200 = 1,400 போக, உச்சம் 2,000. இந்த எண்ணை ஒவ்வொரு டீமுக்கும் போர்டுல எழுதி, ஒவ்வொரு ஆள் விற்றதும் அழிச்சு மாத்தறதுக்குன்னே ஒருத்தர் உட்காரணும். அந்த வேலையை ஏலம் கூவறவர்கிட்ட கொடுக்காதே, கூவற வேகத்துல கணக்கு விட்டுப்போகும்.

ஐகான் போக 84 இடம், அதனால 110 பேராவது பதிவு பண்ணியிருக்கணும். சரியா 84 பேர் மட்டும் இருந்தா கடைசி ரெண்டு டீமுக்குத் தேர்ந்தெடுக்க ஒண்ணும் இருக்காது. கீப்பருங்களைத் தனி செட்டா முதல்லயே கொண்டு வா. கடைசிக்குத் தள்ளினா ஏதாவது ஒரு டீம் கீப்பர் இல்லாம நிக்கும்.

10 ஓவர்ல ஒருத்தர் 2 ஓவர்தான் போடலாம், அஞ்சு பவுலர் கட்டாயம். மூணு பெரிய பவுலரை வாங்கி பர்ஸைக் காலி பண்ற ஓனருக்கு 6 ஓவர்தான் கைக்கு வரும், மீதி 4 ஓவர்ல மேட்ச் போயிடும். ஆல்ரவுண்டரையும் சேர்த்து 7 பேர் பந்து போடறவங்களா இருக்கணும்னு ஓனருங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடு.

இன்னொண்ணு, நம்ம பக்கம் பாதிப் பேர் ஓசூர்ல ஷிப்ட் போறவங்க. எந்தெந்த சனி ஞாயிறு வர முடியும்னு பதிவு ஃபார்ம்லயே எழுதி வாங்கி, ஏலத்துல பேரோட சேர்த்து வாசிக்கணும்.

ஸ்கோர்புக்_காவேரிப்பட்டணம்:
ரன் ரேட்டை ஓவர்ல போடாதீங்க, பந்துல போடுங்க. சண்டை வர்றதே 7.4ங்கிற எண்ணாலதான். ஏ டீம் 10 ஓவர்ல 84. பி டீம் 7.4 ஓவர்ல 85. 7.4னா 7 ஓவர் 4 பந்து, அது 46 பந்து, அதனால 85 × 6 ÷ 46 = 11.087. அப்படியே 7.4ஆல வகுத்தா 11.486னு வரும், அது தப்பு. நெட் ரன் ரேட்னா நம்ம டீம் அடிச்ச ரேட்ல இருந்து எதிர் டீம் அடிச்ச ரேட்டைக் கழிக்கறது. ஏ டீமுக்கு 8.400 கழித்தல் 11.087, அதாவது மைனஸ் 2.687.

ஆல் அவுட் ஆனா முழு 60 பந்து கணக்கு. 8.2 ஓவர்ல 62க்கு ஆல் அவுட்னா ரேட் 6.20. ஆடின 50 பந்துக்குப் போட்டா 7.44 ஆகும், சீக்கிரம் சுருண்டதுக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

அடுத்தது, ஒவ்வொரு மேட்ச் ரேட்டையும் கூட்டி சராசரி எடுக்கக் கூடாது. ஒரு மேட்ச்ல 60 பந்துல 100, அடுத்ததுல 18 பந்துல 41 அடிச்ச டீமுக்கு சராசரி எடுத்தா 11.83. சரியான கணக்கு மொத்த ரன் 141, மொத்தப் பந்து 78, அதாவது 10.85. பாதியில கைவிட்ட மேட்சை ரன் ரேட்ல சேர்க்கவே கூடாது, ரெண்டு டீமுக்கும் டேபிள்ல ஆளுக்கு ஒரு பாயின்ட் மட்டும்.

அரூர்_அம்பயர்:
மழைக்கு "ரன் ரேட்படி டார்கெட்"னு மட்டும் எழுதிடாதீங்க, சேஸ் பண்ற டீமுக்கு அது பெரிய சலுகை. 2023 ஐபிஎல் ஃபைனலைப் பாருங்க. குஜராத் 20 ஓவர்ல 214, மழையால சென்னைக்கு 15 ஓவர். விகிதப்படி போட்டிருந்தா டார்கெட் 161. டிஎல்எஸ், அதாவது மிச்ச ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்துப் பார்த்து மழை டார்கெட் போடற முறை, கொடுத்தது 171. பத்து விக்கெட்டும் கையில இருக்க ஓவர் மட்டும் குறைஞ்சா முதல் பந்துல இருந்தே அடிக்கலாம், அதுக்குத்தான் அந்த 10 ரன்.

நம்ம அளவுக்கு நேர்மையான வழி: மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மழைன்னா ரெண்டு பக்கமும் சமமா ஓவர் குறைக்கணும், கீழ் எல்லை 5 ஓவர். ஆரம்பிச்ச பிறகு மழையால மேட்ச் நின்னா, நின்ன பந்துல இருந்தே அடுத்த ஆட்ட நாள் காலையில தொடரணும். அதனால ஸ்ட்ரைக்ல யார், அந்த ஓவர்ல எத்தனை பந்து பாக்கி, யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம்னு எழுதி ரெண்டு கேப்டனும் கையெழுத்துப் போடணும். 8 ஓவரா குறைஞ்சா மூணு பவுலர் மட்டும் 2 ஓவர் போடலாம், மத்தவங்க ஒண்ணு. 10 ஓவருக்கு பவர்பிளே, அதாவது வட்டத்துக்கு வெளிய ஃபீல்டர் குறைவா நிக்கிற ஆரம்ப ஓவர், 3 ஓவர்.

பிட்ச் 66 அடி நீளம், அதனால தார்ப்பாய் 75 அடியாவது வேணும். ஓரத்துல கல்லு வெக்காதீங்க, காத்துக்குத் தூக்கிடும். மணல் மூட்டை வரிசையா வெச்சாத்தான் நிக்கும். எடுக்கும்போது மேல தேங்கின தண்ணியை முதல்ல பள்ளமான பக்கம் வழிச்சு விட்டுட்டு அப்புறம் மடிக்கணும், இல்லைன்னா மொத்தமும் பிட்ச் மேலயே கொட்டும். மழை விட்டதும் எடுத்துடுங்க. வெயில்ல மூடியே கிடந்தா அடியில வேர்த்து செம்மண் பிசுபிசுன்னு ஆகி பந்து நின்னு வரும். டென்னிஸ் பந்து நனைஞ்சா தண்ணியைக் குடிச்சு கனமாகிடும், அதனால மேட்சுக்கு ரெண்டு உலர்ந்த பந்து கூடுதலா வேணும்.

பாலக்கோடு_ஓப்பனர்:
ரொம்ப நன்றிண்ணா. 15 லீக் மேட்சை எத்தனை நாள்ல முடிக்கலாம்? பெங்களூர்ல இருந்து ஆள் இறக்கறதை எப்படித் தடுக்கறது?

ஏலமேடை_கிருஷ்ணகிரி:
மூணு நாள் போதும், நாளுக்கு 5 மேட்ச். இன்னிங்ஸுக்கு 40 நிமிஷம், கடைசி ஓவர் அதுக்குள்ள ஆரம்பிக்கலைன்னா அந்த ஓவருக்கு வட்டத்துக்கு வெளிய ஒரு ஃபீல்டர் குறைவு. காலை 7:30க்கு முதல் பந்து விழுந்தா 5 மணிக்குள்ள முடியும். ஒரு நாள்ல நாலு டீமுக்கு ரெண்டு மேட்ச், ரெண்டு டீமுக்கு ஒண்ணு; அந்த ஒத்தை மேட்ச் நாள் எல்லா டீமுக்கும் ஒரு தடவை வர்ற மாதிரி சுத்தி விடு.

வெளி ஆளை முழுசா தடுக்காதே, ஐபிஎல் வெளிநாட்டு வீரர் விதி மாதிரி எல்லை வை. அங்க டீம்ல 8, ஆடற பதினொண்ணுல 4. நீ டீம்ல 3, பதினொண்ணுல 2னு வை. பதிவுலயே ஆதார் முகவரியைப் பார்த்து, ஏலப் பட்டியல்ல அவங்க பேருக்கு எதிர்ல குறி போட்டுடு. ஏலம் முடிஞ்ச பிறகு புதுப் பேர் சேர்க்கறதே கூடாது. யாருக்காவது அடிபட்டா, விலை போகாத பட்டியல்ல இருந்து மட்டும் 200க்கு எடுத்துக்கலாம்.