எக்ஸ்கவேட்டர் ஆயில் ரிப்போர்ட்டில் சிலிக்கான் 42: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கரூர் குவாரி:
எங்கள் கல்குவாரியில் ஓடும் 20 டன் எக்ஸ்கவேட்டரின் எஞ்சின் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். 15டபிள்யூ-40 கிரேடு ஆயில், 250 மணி நேரம் ஓடியது. பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் இரும்பு 68, குரோமியம் 6, அலுமினியம் 14, சிலிக்கான் 42, செம்பு 9, ஈயம் 5, சோடியம் 6. பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) 100 டிகிரி செல்சியஸில் 14.1 சென்டிஸ்டோக். சென்ற முறை இதே மணி நேரத்துக்கு இரும்பு 24, அலுமினியம் 4, சிலிக்கான் 9; செம்பும் ஈயமும் இப்போது போலவேதான். பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். புகையும் இல்லை, இழுவையும் குறையவில்லை. என்ன செய்வது?

டீசல் பட்டறை:
அவசரப்பட்டு இறக்காதீர்கள் ஐயா. சிலிக்கானும் அலுமினியமும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்து ஏறியிருக்கின்றன; அது கல்தூசி. காற்றோடு உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் அராவுகிறது. குரோமியமும் இரும்பும் அங்கிருந்து வருபவை. ஈயமும் செம்பும் அசையவில்லை, ஆகவே பேரிங் மேல் சந்தேகம் வேண்டாம். சோடியம் குறைவு, கூலன்ட் கலந்த அறிகுறி இல்லை. டீசல் கலந்திருந்தால் பாகுநிலை இறங்கியிருக்கும். 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை இருக்கலாம்; உங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடும் வழக்கம் உண்டா? பாதித் தொல்லை அதில்தான் தொடங்குகிறது.

பழைய ஃபிட்டர்:
சாம்பிளை எப்படி எடுத்தீர்கள்? மண் படிந்த பாத்திரத்திலிருந்து மொண்டிருந்தாலும் சிலிக்கான் ஏறும். கேஸ்கெட் வேலை பார்த்துப் புதிதாக சீலன்ட் பூசியிருந்தாலும் ஏறும், ஆனால் அப்போது அலுமினியம் கூடவே வராது.

கரூர் குவாரி:
எஞ்சின் சூடாக இருக்கும்போதே டிப்ஸ்டிக் துளை வழியாகக் குழாய் விட்டு எடுத்தோம். கேஸ்கெட் வேலை எதுவும் நடக்கவில்லை. ஹோஸைக் கழற்றினோம்: டர்போ பக்கத்துக் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, உள்ளே சாம்பல் நிறத்தில் தூசிப் படலம். இனி ஆயிலை மாற்றினால் போதுமா?

டீசல் பட்டறை:
ஆயில், ஆயில் ஃபில்டரோடு அந்த ஹோஸையும் மாற்றுங்கள். டர்போவில் காற்று நுழையும் பக்கத்து இறக்கைகளின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பார்ப்பதும் அவசியம்; ஆய்வகக் கருவி சில மைக்ரான் அளவுத் துகள்களைத்தான் கணக்கிடும், பெரிய உலோகத் துணுக்கு அதில் தெரியாது. 100 மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி சாம்பிள் அனுப்புங்கள். சிலிக்கான் இறங்கியும் இரும்பு இறங்காமல் நின்றால், புளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) அளந்துவிட்டு மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம். நடுவில் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். புது ஆயில் சேரச் சேர தேய்மான உலோக எண்களும் சிலிக்கானும் குறைந்தே காட்டும்.